படைக்கல உரிமச் சட்டம் குற்றத்தைக் குறைக்குமா? – ஓர் ஆய்வுப் பாடம்



அரியலூர் வட்டாரத்தில் நிலபுலன்களோடு வாழ்ந்துவரும் குடும்பம் ஒன்று எனக்கு நெடுங்காலமாகப் பழக்கம். அவ்வீட்டுப் பிள்ளைகளுள் இருவர் என்னிடம் பயின்றவர்கள். அவ்வீட்டுக் கூடத்துச் சுவரில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். பெரியவர் அதனைச் சுட்டு நான் கண்டதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் எண்ணெயிட்டுத் துடைத்து, உரிமத்தைக் காலம் தவறாது புதுப்பித்து வந்தார். அவர் காலமானபின் நான் துக்கம் விசாரிக்கச் சென்றபோது, அத்துப்பாக்கியைப் பற்றியே வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "அப்பாவின் நினைவாக இருக்கட்டும்" என்றார் மகன். "குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டாம்" என்றார் மருமகள். கல்லூரியில் படிக்கும் பேரன் என் பக்கம் திரும்பி, "டீச்சர், உரிமம் வாங்கி முறையாக வைத்திருப்பவரைத்தானே சட்டம் கேள்வி கேட்கிறது? திருடன் என்ன லைசென்ஸ் வாங்கிக்கொண்டா வருகிறான்? பிறகு இச்சட்டத்தால் யாருக்கு என்ன நன்மை?" என்று கேட்டான்.

கேள்வி எளியது, விடை எளியதன்று. அன்று அரைகுறையாக ஏதோ சொல்லி வந்தேன். அது என் மனத்தை உறுத்தியது. பின்னர்ப் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை இங்கே பாடமாக வகுத்துத் தருகிறேன். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பதே ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. அவ்வழியே செல்வோம்.

1. சொற்களைத் தெளிவோம்

உரிமம் வேறு, பதிவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே விவாதங்கள் பலவும் வழிதவறுகின்றன.

உரிமம் என்பது ஆளைப் பற்றியது. 'இவர் கையில் துப்பாக்கி இருக்கலாமா?' என்பதே அதன் கேள்வி. பதிவு என்பது பொருளைப் பற்றியது. 'இந்தத் துப்பாக்கி யாருடையது?' என்பது அதன் கேள்வி. பள்ளியில் மாணவனைச் சேர்க்குமுன் தகுதி பார்ப்பது உரிமத்தை ஒக்கும்; சேர்ந்தபின் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவது பதிவை ஒக்கும். நம் நாட்டில் இரண்டும் உண்டு. உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண் குறிக்கப்படுகிறது. உரிமம் பெற்றோர் அனைவரும் படைக்கல உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் தனித்த அடையாள எண்ணோடு சேர்க்கப்படுகின்றனர்.

2. சட்டம் வந்த வழி

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு இந்தியர் கையிலிருந்த ஆயுதங்களைக் கண்டு அஞ்சியது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878இல் இந்தியப் படைக்கலச் சட்டம் பிறந்தது. இந்தியர் உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. குற்றத்தைக் குறைப்பதைவிட ஆட்சியைக் காப்பதே அதன் நோக்கமாக இருந்தது. எனவேதான் 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் விடுதலைக்குப் பின் வகுத்த அரசியலமைப்பில் அவ்வுரிமை இடம்பெறவில்லை.

இன்று நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம். இது 1962 முதல் செயல்பட்டு வருகிறது. இதன்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ இயலாது. விண்ணப்பம் வந்தால் அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரியிடம் அறிக்கை பெறவேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கும், மனநலம் குன்றியவருக்கும், வன்செயலுக்காகத் தண்டிக்கப்பட்டுச் சட்டம் குறிக்கும் காலம் கழியாதவருக்கும் உரிமம் இல்லை. பொது அமைதிக்கு இடையூறு நேருமெனக் கருதினால் உரிமத்தை நிறுத்தி வைக்கவும் நீக்கவும் அதிகாரம் உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகள் உடல், மனநலச் சான்றையும், துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழியையும் வற்புறுத்துகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது. கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்வோருக்கும் விற்போருக்கும் ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை என்றும் வகுத்தது.

3. நம் வட்டாரத்தில் துப்பாக்கி

1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனித்தது அரியலூர். மேற்கே பச்சைமலை, கிழக்கும் தெற்கும் ஏரிப்பாசனமும் கொள்ளிடக் கரையும், இடையே மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலம். இங்கே துப்பாக்கி என்றால் மூன்று வகையினர் நினைவுக்கு வருவர்.

முதலாமவர், பயிர்க் காவலுக்காக வைத்திருக்கும் உழவர். கரிமருந்தைக் குழலின் வாய்வழி இட்டுக் கிட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்பிற்காகக் கேட்போருக்கு உரிமம் வழங்க 1959ஆம் ஆண்டுச் சட்டமே இடமளிக்கிறது. ஆனால் உரிமம் இருப்பதாலேயே விலங்கைச் சுடலாம் என்று பொருளன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை மிகுந்ததால், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் எனத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்தது. அப்போதும் அவ்வதிகாரம் தனியார் கைக்கு வரவில்லை.

இரண்டாமவர், வேட்டையை மரபுத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர். பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர் போன்ற இடங்களில் அவர்தம் குடியிருப்புகள் உள்ளன. வேட்டை தடையானபின் ஊசியும் பாசிமணியும் விற்று வாழ்கின்றனர். பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. துப்பாக்கியைக் கண்டாலே அவர்களை ஐயுறுவது நம்மிடமுள்ள பழைய குற்றம்.

மூன்றாமவர், உரிமமின்றி நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போர். இவர்களுள் பலர் கொள்ளையர் அல்லர். முயலுக்கும் கொக்குக்கும் ஆசைப்பட்டவர்கள். வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் கரைவெட்டி ஏரி 1999இல் சரணாலயமாயிற்று. 2024 சனவரியில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து அங்கே அச்சமின்றி நீந்த வேண்டுமாயின், கரையில் நிற்பவன் கையில் துப்பாக்கி இருத்தல் ஆகாது. கொலையை மட்டுமே குற்றமெனக் கொள்ளாத நமக்கு இதுவும் கணக்கில் சேரும்.

இனி, பேரன் கேட்ட கேள்விக்கு வலுச்சேர்க்கும் செய்தியையும் மறைக்காமல் கூறவேண்டும். இவ்வட்டாரத்தின் பெருங்கொடுமைகள் இரண்டும் 1987இல் நிகழ்ந்தவை. மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் தகர்க்கப்பட்டு, மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குக் கருவி வெடிமருந்து. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று செந்துறையை அடுத்த பொன்பரப்பியில், வங்கிக் கொள்ளையில் இறங்கிய தமிழரசனும் அவருடைய தோழர்கள் நால்வரும் கூட்டத்தினரால் அடித்தே கொல்லப்பட்டனர். அங்கே உயிர் பறித்தவை உரிமம் கேட்கும் கருவிகள் அல்ல. மனிதன் சினங்கொண்டால் கையில் கிடைப்பதே ஆயுதம்.

4. எண்கள் கூறுவது என்ன?

2016 இறுதியில் இந்தியாவில் நடப்பிலிருந்த துப்பாக்கி உரிமங்கள் ஏறத்தாழ 33.69 இலட்சம் என்று மத்திய உள்துறை தெரிவித்தது. அவற்றுள் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 இலட்சம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால், உத்தரப் பிரதேசத்தில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 640 உரிமங்கள், தமிழ்நாட்டில் 31.

இருபது மடங்கு வேறுபாடு! அப்படியாயின் கொலையும் அங்கே இருபது மடங்கு மிகுதி என்று மாணவன் விடையெழுதக் கூடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்ப்போம். நாட்டில் பதிவான கொலைகள் 28,522. உத்தரப் பிரதேசத்தில் 3,491. இலட்சம் பேருக்கு 1.5. தமிழ்நாட்டில் சற்றேறக்குறைய 1,690. இலட்சம் பேருக்கு 2.2. உரிமம் குறைந்த நம் மாநிலத்தில் கொலை வீதம் கூடுதலாக உள்ளது!

இதிலிருந்து, 'துப்பாக்கி பெருகினால் கொலை குறையும்' என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. இரண்டு கணக்குகளும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை. வழக்குப் பதியும் வழக்கமும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். நிலத்தகராறு, சாதிப்பகை, குடி ஆகியவை கொலைக்குக் காரணமாகும் அளவும் வேறுபடும். ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இந்த எண்கள் உறுதியாகக் கூறுவது ஒன்றே: கொலையின் வேர் துப்பாக்கியில் இல்லை. நம் மாநிலத்தில் அரிவாளே பெரும்பாலும் அவ்வேலையைச் செய்கிறது.

நாடு முழுவதும் காவல்துறை கைப்பற்றும் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமற்றவையும் கள்ளத்தனமாகச் செய்தவையும் ஆகும். எனவே, 'திருடன் உரிமம் வாங்குவதில்லை' என்ற பேரனின் கூற்று உண்மையே.

5. பிற நாடுகளின் பட்டறிவு

அங்ஙனமாயின் சட்டம் வீணா? சட்டத்தை மாற்றிப் பார்த்த நாடுகளை நோக்குவோம். முன்னும் பின்னும் ஒப்பிட அவை வாய்ப்பளிக்கின்றன.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், கைத்துப்பாக்கி வாங்குமுன் உரிமம் பெறவேண்டும் என்று 1995இல் சட்டம் செய்தது. அதன்பின் பத்தாண்டில் துப்பாக்கிக் கொலைகள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன என்று 2015இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நெடுங்காலத்தைக் கணக்கிட்ட பிந்தைய ஆய்வு 28 விழுக்காடு என்றது. அளவில் வேறுபாடு உண்டு, திசையில் இல்லை. மிசௌரி மாநிலம் அத்தகைய சட்டத்தை 2007இல் நீக்கியது. அங்கே துப்பாக்கிக் கொலைகள் உயர்ந்தன. ஒருபுறம் கூட்டியும் மறுபுறம் கழித்தும் கணக்கைச் சரிபார்த்தாற்போல் இவ்விரண்டும் அமைந்தன.

கனடா வேறொரு பாடம் கற்பித்தது. நீள்குழல் துப்பாக்கிகள் அனைத்தையும் பதிவுசெய்ய 1995இல் சட்டம் இயற்றியது. செலவு நூறு கோடி டாலர் என்னும் அளவை எட்டியது. கொலை குறைந்தமைக்கு அப்பதிவே காரணம் என்று ஐயமற நிறுவ இயலவில்லை. 2012இல் அப்பதிவேட்டைக் கைவிட்டது. ஆனால் ஆளைச் சோதித்து உரிமம் வழங்கும் முறையைக் கைவிடவில்லை.

நியூசிலாந்து நாடும் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவுசெய்யும் முறையை 1983இல் நீக்கி, ஆளுக்கு உரிமம் என்பதோடு நின்றது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரில் தொழுகையில் இருந்த 51 பேரைக் கொன்றவன், உரிமம் பெற்றிருந்தவனே! உரிமம் வழங்குமுன் அவனைப் பற்றி நடந்த விசாரணை குறையுடையது என்று 2020இல் அரச விசாரணை ஆணையம் கண்டது. 2023இல் அந்நாடு மீண்டும் பதிவேடு தொடங்கியது.

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், உரிமம், பதிவு, தக்க காரணம் காட்டல் ஆகிய மூன்றையும் இணைத்துச் சட்டம் செய்து, ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகளை அரசே விலைகொடுத்து வாங்கி அழித்தது. அதன்பின் துப்பாக்கியால் நேர்ந்த மரணங்கள் குறைந்துவந்தன. முன்னரே அவை குறைந்துகொண்டிருந்தன என்பதால், சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் அறிஞர் மாறுபடுகின்றனர்.

இவற்றைத் தொகுத்தால் கிடைப்பது இது: ஆளை நேர்மையாகச் சோதிக்கும் உரிமமே பயன் மிக்கது, பதிவு அதற்குத் துணை. பதிவு மட்டும் தனித்து நின்றால் பலன் சிறிது. சோதனை பெயரளவில் நடந்தால் உரிமம் வெறும் தாள். நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 இலட்சத்திற்கும் மேற்பட்ட உரிமங்கள் தகுதியற்றோருக்கு வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. அரண்மனைக்குப் பூட்டு வாங்கித் திறவுகோலைச் சந்தையில் விற்றது போன்றது அது.

6. திருடனுக்குத் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது?

பேரனின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். திருடன் உரிமம் வாங்குவதில்லை, உண்மை. ஆனால் அவனுக்குத் துப்பாக்கி கிடைக்கும் வழிகளுள் ஒன்று, உரிமம் பெற்றவர் வீட்டிலிருந்து களவு போவது. மற்றொன்று, ஆள் மாறிக் கைமாறுவது. உரிமமும் பதிவும் அவ்வழிகளைக் குறுக்குகின்றன. அரிதானது விலையேறும், விலையேறியது எல்லார் கைக்கும் எட்டாது. மேலும், உரிமமற்ற துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றமாதலின், அவன் சுடுமுன்னரே காவலர் அவனைப் பிடிக்க இயலும். சட்டம் இல்லையேல், சுட்டபின்தான் பிடிக்க இயலும். தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்வதும், யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருப்பதாலேயே இயல்கிறது.

கொலை செய்வோர் அனைவரும் தொழில்முறைத் திருடரும் அல்லர். வரப்புத் தகராறில், பங்காளிச் சண்டையில், ஒரு கணச் சினத்தில் கை ஓங்குவோர் பலர். அரிவாளுக்கு முன் ஓட வழியுண்டு. விலக்குவோர் குறுக்கே விழ நேரமுண்டு. தோட்டா அந்த நேரத்தைத் தருவதில்லை.

இதனை நம் உழவர் குடும்பங்கள் நன்கறிந்த மற்றொன்றால் விளக்கலாம். இலங்கையில் ஒரு காலத்தில் பூச்சிமருந்து அருந்தி மாண்டோர் எண்ணிக்கை மிகப் பெரிது. 1990களின் நடுவிலிருந்து கொடிய நஞ்சுடைய மருந்துகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. இருபதாண்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. வறுமையும் மனத்துயரும் அந்நாட்டில் மறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தொலைவில் கொடுங்கருவி இல்லை என்பதே பெரிய மாறுதல். துயரக் கணம் கடந்தது, மனிதர் பிழைத்தனர். துப்பாக்கிக்கும் இதே நியாயம் பொருந்தும். வீட்டிலுள்ள துப்பாக்கி, வெளியிலிருந்து வரும் பகைவனைவிட அவ்வீட்டாருக்கே ஊறு விளைக்கும் வாய்ப்பு மிகுதி என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

7. இல்லறத்தார் கடமை

நம் இல்லற ஒழுக்கம் இதனை முன்னரே வேறு வகையில் எண்ணியிருக்கிறது. பயனின்றிப் பாவம் சேர்க்கும் அனர்த்த தண்டம் ஐந்தனுள் இம்சாதானம் ஒன்று. வாள், கோடரி, நஞ்சு, விலங்கு போன்ற கொலைக்கருவிகளைப் பிறருக்கு வழங்குவதே அது. கொன்றவன் மட்டுமன்றிக் கருவியைக் கொடுத்தவனும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. இல்லறத்தான் தன் குடும்பத்தைக் காக்க எதிர்த்து நிற்பதை நம் நெறி, வேண்டுமென்றே செய்யும் கொலையோடு ஒன்றாக வைக்கவில்லை. ஆகவே, துப்பாக்கி வைத்திருப்பவரைப் பழிப்பது என் நோக்கமன்று. அது இன்று எதற்கு வேண்டும் என்று கேட்டுப் பார்ப்பதே நோக்கம்.

வீட்டில் பழைய துப்பாக்கி உள்ளவர்கள் அறிய வேண்டியவை: உரிமம் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று. உரிமம் பெற்றவர் காலமானால் அத்துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வேண்டுமெனில் புதிதாக விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் 70 வயதை எட்டியபோதும், அல்லது 25 ஆண்டுகள் வைத்திருந்தபோதும், உயிரோடு இருக்கையிலேயே வாரிசுக்கு மாற்ற 2016ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. உரிமமின்றி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 'நினைவுப்பொருள்தானே' என்பது சட்டத்தின் முன் விடையாகாது.

நிறைவுரை

உரிமச் சட்டம் குற்றத்தை ஒழிக்காது. சினத்தையும் பேராசையையும் சாதிப்பகையையும் அது தொடுவதில்லை. ஆனால் நேர்மையாக நடத்தப்பட்டால், குற்றம் கொலையாக முடியும் வாய்ப்பைக் குறைக்கும். வேலி திருடனைத் திருத்துவதில்லை. ஆயினும் வேலியில்லாத தோட்டத்தை யாரும் விரும்புவதில்லை.

நான் மறுமுறை அவ்வீட்டுக்குச் சென்றபோது இவற்றையெல்லாம் பேரனிடம் கூறினேன். பெரியவர் மறைந்து நான்கு மாதம் கழிந்திருந்தது. துப்பாக்கி அதே சுவரில் இருந்தது. அவ்வளவு நாளும் தாங்கள் சட்டத்தை மீறியிருந்ததை அவர்கள் அறியவில்லை. மறுநாளே மகனும் பேரனும் காவல் நிலையம் சென்று அதனை ஒப்படைத்து, இரசீது பெற்று வந்தனர். வாரிசு உரிமம் வேண்டாமென்று எழுதிய மனுவைப் பேரனே தன் கையெழுத்தில் எழுதினான். சுவரில் அந்த ஆணியில் இப்போது பெரியவரின் படம் தொங்குகிறது.

குடும்பத்தார் கூடிச் சிந்திக்க வினாக்கள்

1. உரிமம், பதிவு – வேறுபாட்டினை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகியவற்றின் எண்களிலிருந்து உடனே முடிவு கட்டலாகாது என்பது ஏன்?
3. கனடாவும் கனெக்டிகட்டும் கற்பிக்கும் பாடங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. 'திருடன் உரிமம் வாங்குவதில்லை' என்னும் வாதத்தில் உண்மை எவ்வளவு, குறை எவ்வளவு?
5. நம் வீட்டில் பயனின்றிக் கிடக்கும் ஊறு விளைக்கும் பொருள்கள் எவை? பூச்சிமருந்துப் புட்டி பூட்டிய பெட்டியில் உள்ளதா? இவ்வினாவிற்கு விடையை ஏட்டில் எழுதவேண்டா; எழுந்து சென்று பார்த்து வருக.